மீன்பிடிக்காரர் வீட்டுப் புரதம்

நான் பளு தூக்குகிறவள். இதைச் சொன்னதும் ஆட்கள் முதலில் என் தோளைப் பார்ப்பார்கள், பிறகு கையைப் பார்ப்பார்கள், அதன் பிறகு "கலியாணம் கட்டியாச்சா?" என்று கேட்பார்கள். ஒழுங்கு மாறுவதே இல்லை. பார்ப்பதற்கு நான் ஒன்றும் சொல்வதில்லை. கேள்விக்கு மட்டும், "மாப்பிள்ளையத் தூக்கிப் பாத்துத்தான் சொல்லுவன்" என்பேன். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

எங்கள் வீடு கல்லடியில். அப்பா மீன்பிடிக்கிறவர், கடலில் இல்லை, வாவியில். நாங்கள் அதை ஆறு என்றுதான் சொல்வோம். நான் ஒரே பிள்ளை. பகலில் பாலத்துக்கு அந்தப் பக்கம் நகரத்தில் ஒரு பாமசியில், மருந்துக் கடையில், வேலை. பின்னேரம் நகரத்திலேயே பயிற்சி. பழைய மண்டபம், துருப்பிடித்த தட்டுகள், மழைக்கு ஒழுகும் கூரை. இருந்தாலும் தட்டுகளைக் கோர்க்கிற இரும்புக் கம்பி, பார், நேரானது. அது போதும் என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் ஆவணியில் கொழும்பில் ஒரு தேர்வு நடக்க இருந்தது. அரச திணைக்களம் ஒன்று தன்னுடைய பளுதூக்கல் அணிக்குப் பெண்களை எடுக்கிறது என்று அறிவித்திருந்தார்கள். என் எடைப் பிரிவில் ஒரே ஒரு இடம். கிடைத்தால் நிரந்தர உத்தியோகம், நல்ல மண்டபம், சாப்பாடும் அவர்களுடையது. வயதெல்லையைப் பார்த்தால் எனக்கு அந்த முறையும் அடுத்த முறையும்தான் இருந்தது. எனக்கு அந்த இடம் வேண்டும். இதை அடக்க ஒடுக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. வேண்டும் என்றால் வேண்டும்தான்.

எங்களைப் பழக்குகிறவரை நாங்கள் சேர் என்று கூப்பிடுவோம். நகரத்துக் கத்தோலிக்கர், தானும் ஒரு காலத்தில் தூக்கினவர், இப்போது வயிறு முன்னுக்கு வந்துவிட்டது. தேர்வு அறிவிப்பு வந்த கிழமை அவர் என்னைக் கூப்பிட்டு இருத்தி, பொலிஸ்காரர் விசாரிப்பது போல விசாரித்தார்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"புட்டு சேர்."

"புட்டோட?"

"வாழைப்பழம், சீனி."

"மத்தியானம்?"

"சோறும் மீன் குழம்பும்."

"எத்தின துண்டு மீன்?"

"ஒண்டு."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "மீன்பிடிகாரர்ட மகள் ஒரு துண்டு மீன் சாப்பிடுறாள்! ஆரிட்டப் போய்ச் சொல்லுற இத?"

அவருக்கு மீன்பிடிக்காரர் வீட்டைப் பற்றித் தெரியாது. எங்கள் வீட்டில் நல்ல மீன் வியாபாரிக்குப் போகும். இறால் ஹோட்டல்காரருக்குப் போகும். வலையில் நசிந்ததும் ஆரும் கேட்காததும்தான் அடுப்புக்கு வரும். குழம்பில் புளியும் தேங்காய்ப்பாலும் நிறைய இருக்கும், மீனைத் தேடவேண்டும். இந்தப் பக்கம் எந்த வீட்டுக்குப் போய் மூடியைத் திறந்தாலும் இதே கதைதான்.

சேர் சொன்னது விளங்காத கணக்கில்லை. சும்மா இருக்கிற ஆளுக்கு உடம்பெடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான புரதம் போதும். பளு தூக்குகிற ஆளுக்கு அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். தூக்கும்போது தசை நார் நாராகக் கிழிகிறது. தின்னும் புரதத்தை வைத்துத்தான் உடம்பு அதைத் தைக்கிறது. தைக்க நூல் இல்லாவிட்டால் கிழிந்தது கிழிந்தபடியே கிடக்கும். மறுநாள் அதற்கு மேலேயே தூக்கவேண்டும். ஒரே நேரத்தில் அள்ளிக் கொட்டுவதிலும் பிரயோசனம் இல்லை, ஒவ்வொரு வேளைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடவேண்டும். எனக்கோ காலையில் ஒன்றுமில்லை, மத்தியானம் ஒரு துண்டு, இரவில் பாணும் சம்பலும். இவ்வளவு நாளும் சோற்றின் பலத்திலேயே தூக்கியிருக்கிறேன்.

அன்றைக்கு வீட்டில் இதைச் சொன்னேன். அடுத்த நாள் வியாபாரி வந்தபோது, அப்பா ஒரு பிடி இறாலையும் இரண்டு பெரிய மணலை மீனையும் கூடையிலிருந்து எடுத்துப் புறம்பாக வைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தார். வியாபாரி, "என்ன அண்ணன், வீட்டில விசேசமோ?" என்று கேட்டான். "ஓம், மகள் சாப்பிடுறாள்" என்றார் அப்பா.

காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் மூன்று துண்டு மீன், பயிற்சி முடிந்ததும் அவித்த கடலை. ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. மறுநாள் படியிறங்கும்போது தொடை நோகவில்லை. முன்பு என்னை இருத்திவிட்ட பாரங்களோடு நான் எழும்பினேன். சேர் கொப்பியில் எழுதும்போது சிரித்துக்கொண்டே எழுதினார்.

இந்த நேரத்தில்தான் வைகாசி பிறந்தது.

எங்கள் பக்கத்தில் வைகாசி என்றால் கண்ணகி அம்மன் சடங்கு. கோயில் வருடத்தில் அப்போதுதான் கதவு திறக்கும். கதவு திறந்த நாளிலிருந்து, கடைசி நாள் அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்தி பாடி முடியும்வரை ஊரில் மச்சம் இல்லை. மச்சம் என்றால் மீன், இறைச்சி, முட்டை எல்லாம்தான். பொரிப்பதும் இல்லை, உரலில் இடிப்பதும் இல்லை. மீன்பிடிக்கிறவர்கள்கூட வலையைக் காயப்போட்டுவிடுவார்கள். சின்னப் பிள்ளையிலிருந்தே பழகினது, அதில் எனக்கு வழக்கு ஒன்றும் கிடையாது. ஒரு கிழமை, ஏழு நாள்தானே. அந்தக் கிழமைக்குப் பால் புரத மா எடு என்று சேர் சொன்னார்.

அந்த மா அடைத்த டின் பேணிகளை நான் பாமசியில் தினமும் விற்கிறேன். வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஜிம்முக்குப் போகத் தொடங்கி ஒரு கிழமைகூட ஆகாத பொடியன்கள். "அக்கா, இதக் குடிச்சா மூணு மாசத்தில கை வருமா?" என்று ஒருவன் கேட்டான். "கை ஏற்கெனவே ரெண்டு வந்திரிக்கே தம்பி" என்றேன். முதலாளி என்னை முறைத்தார். எனக்கு இவர்கள்மேல் ஆத்திரம் வரும். சிலர் பேணியைத் திருப்பிப் பார்ப்பதே கிடையாது. முன்னுக்குப் பெரிய எழுத்தில் புரதம் என்றிருக்கும், பின்னால் சின்ன எழுத்தில் பார்த்தால் பாதிக்குமேல் சீனி. இன்னும் சிலர் ஆரோ விமானத்தில் கொண்டுவந்தது என்று முத்திரை உடைந்த பேணியை வாங்குவார்கள். அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்று கடவுளுக்கும் தெரியாது. போட்டிக்குப் போகிறவள் அப்படியொன்றைக் குடித்து, சிறுநீர்ப் பரிசோதனையில் தடைசெய்த மருந்து வந்தால் அதோடு சரி. அதனால் நல்லதாக, முத்திரை உடையாததாக ஒரு பேணி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அம்மா அதை மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பேணியில் மேலே சட்டையில்லாத ஒரு ஆண்பிள்ளை தன் நெஞ்சைத் தானே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது என்னகா? மச்சமா, மரக்கறியா?"

"பால் அம்மா. பால்ல இருந்து எடுத்தது."

"பால் எண்டா மாட்டுட படமெல்லோ போடோணும்? இவன் ஏன் இப்பிடி நிக்கிறான்?"

விளங்கப்படுத்துவதற்காகத் தயிர்ச் சட்டியை எடுத்துவந்தேன். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து எருமைத் தயிர், மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டிருந்தது. பால் உறைந்தால் கட்டியாக நிற்பது ஒரு புரதம், மேலே நிற்கிற இந்தத் தண்ணியில் இருப்பது இன்னொரு புரதம், இந்தத் தண்ணியைக் காய்ச்சி மாவாக்கினால் இதுதான் என்று பேணியைக் காட்டினேன். உண்மையில் அவர்கள் பாற்கட்டி செய்யும்போது வடிகிற தண்ணீரில்தான் எடுக்கிறார்கள், ஆனாலும் பெரிய பிழை இல்லை.

அம்மா சட்டியையும் பேணியையும் மாறி மாறிப் பார்த்தார். "நாம வாசல்ல ஊத்துற தண்ணிய இவங்க பேணியில போட்டு நமக்கே விக்கிறாங்க. நாம வாங்குறம்!" என்றார். பால்தான் என்று நம்பிவிட்டார், அது போதும். மறுநாள் அதையும் பால்மா என்று நினைத்துக் கொதிக்கிற தேநீரில் போட்டு அடித்து, மரவள்ளிக் கஞ்சி போலத் திரண்டதை எனக்கும் அப்பாவுக்கும் ஆளுக்கொரு கோப்பை கொடுத்தார். அப்பா மரியாதைக்கு முழுதையும் குடித்தார்.

குளிர்த்தி முடிந்தது. ஊர் முழுக்க மீன் மணம் திரும்பியது. எங்கள் வீட்டில் மட்டும் பருப்பும் கத்தரிக்காயும். முதல் நாள் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. இரண்டாம் நாள் அப்பா கொண்டுவந்த இறால் எல்லாவற்றையும் அம்மா வியாபாரிக்கே கொடுத்தனுப்பினார். மூன்றாம் நாள் சோற்றுக்கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டேன்.

"என்னம்மா, இன்னும் கோயில் கதவு மூடல்லையா?"

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் அம்மாளாச்சிக்கு நேந்திட்டன்."

"என்ன நேந்த?"

"உனக்கு அந்தக் கொழும்பு வேல கிடைக்கோணும் எண்டு. போட்டி முடியிற மட்டும் நீ மச்சம் தொடமாட்டாய் எண்டு."

நான் கத்தினேன். கத்தினேன் என்றால் பக்கத்து வீட்டு நாய் எழும்பிக் குரைக்கிற மாதிரிக் கத்தினேன். போட்டிக்கு இன்னும் பத்துக் கிழமைக்கு மேல் இருந்தது. அம்மன் முன்னால் நின்று, என்னைக் கேளாமல், என் வாயைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அதுவும் நான் வெல்லவேண்டும் என்று! என்னை வெல்லவைக்கிறது எதுவோ அதையே கொண்டுபோய்க் காணிக்கை வைத்திருக்கிறார். இப்படி ஒரு காரியம் எங்கள் அம்மாமாரைத் தவிர உலகத்தில் ஆருக்கும் வராது.

"பெரிய விசயம் கேக்கிறண்டா பெரிசா எதையாவது விடோணும்தானே? நீ இப்ப ஆகலும் விருப்பமாச் சாப்பிடுறது மீன்தான். மறுகா எத விடச் சொல்லுற?" என்றார் அம்மா. அவர் கேட்டது அவருடைய நியாயத்துக்குச் சரி. எனக்கு அழுகைதான் வந்தது.

சேர் வீட்டுக்கு வந்தார். அம்மா அவருக்குத் தேநீரும் வாழைப்பழமும் வைத்தார். சேர் புரதத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார், அம்மா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். கடைசியில், "ஓம் சேர், நீங்க சொல்லுறது சரி. ஆனா நேந்தாச்சே" என்றார். சேர் வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறும்போது, "எங்கட ஆக்களும் தவசு காலத்தில இறைச்சி விடுறதான். ஆனா தாய் நேந்தா தாய்தான் விடுவா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆட்கள் கேட்பார்கள், கடையில் போய் ஒரு முட்டை ரொட்டி சாப்பிட்டிருக்கலாமே என்று. போனேன். பாமசிக்கு எதிர்க் கடையில் வாங்கி, காகிதத்தைப் பிரித்தும் பார்த்தேன். அம்மனுக்குப் பயந்து நான் அதை வைத்துவிட்டு வரவில்லை. தோற்றால் அம்மா தன் நேர்த்தியில் எங்கே பிழைத்தது என்று தேடித் தேடி உருகுவார், அந்தப் பிழை என் வயிற்றில் இருக்கும். வென்றால் அவர் கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிடுவார், நான் பக்கத்தில் பேசாமல் நிற்கவேண்டும். இரண்டையும் என்னால் ஏலாது. ரொட்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன், அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மச்சம் சாப்பிடாமலே உலக மட்டத்தில் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் தெரியும், சேருக்கும் தெரியும். அவர்கள் அதற்கென்று மாதக்கணக்கில் உடம்பைப் பழக்கியவர்கள். நாங்கள் அவசரத்தில் தொடங்கினோம். பருப்பு, கௌபிப் பயறு, சோயா, தயிர், மூன்று வேளையும் பேணி மா. கணக்குப்படி புரதம் சரியாக வந்தது. ஆனால் வயிறு கணக்குப் பார்க்கவில்லை.

சடங்குக் கிழமையில் ஒரு நாளைக்கு ஒரு கரண்டி குடித்தபோது வயிறு கொஞ்சம் இரைந்தது, நான் பெரிதாக எடுக்கவில்லை. மூன்று கரண்டி ஆனதும் ஊதிக்கொண்டது. காலையில் மூன்று நான்கு தரம் போகவேண்டியிருந்தது. பாலில் இருக்கிற சீனி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் வீட்டில் பால் என்றால் தேநீரில் விடுகிற ஒரு கரண்டி பால்மா, முழுக் கோப்பைப் பாலை நான் அதுவரை குடித்ததே இல்லை. தயிர் புளிக்கும்போது அந்தச் சீனியில் ஒரு பங்கு போய்விடும், அதனால் தயிர் ஒன்றும் செய்யாது. மலிவான புரத மாவில் அது அப்படியே கிடக்கும். அதை நீக்கிச் சுத்தம் செய்த மாவும் இருக்கிறது. நான் வேலை செய்கிற பாமசியிலும் இல்லை, நகரத்தில் தேடின எந்த இடத்திலும் கிடைக்கவில்லை.

மாவை நிறுத்தினேன். தயிரையும் பருப்பையும் கூட்டினேன். பருப்பைக் கூட்ட வயிறு இன்னும் ஊதியது, தயிரைக் கூட்ட உடம்பு மந்தமானது. எடை இறங்கியது. முகம் வற்றிப்போனது. ஒரு மாதத்துக்கு முன் தூக்கிய பாரம் முழங்காலுக்கு மேல் வர மறுத்தது. சேர் கொப்பியில் எழுதுவதை விட்டுவிட்டார்.

அம்மா இதையெல்லாம் வீட்டில் பார்த்தார்தான். ஆனால் மெலிந்தால் தாய்மார் சோற்றைக் கூட்டிப் போடுவார்கள், அதைத்தான் அவரும் செய்தார். நான் தூக்குவதை அவர் நேரில் பார்த்தது கிடையாது. பெண்பிள்ளை அப்படிக் குந்துவதைப் பார்க்கத் தனக்கு வெட்கம் என்பார்.

ஒரு நாள் நான் அவித்த கௌபியை வீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டேன். பின்னேரம் அம்மா அதை ஒரு பாத்திரத்தில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறிப் பாலம் தாண்டி, விசாரித்து விசாரித்து மண்டபத்துக்கே வந்துவிட்டார். வாசலில் அவர் வந்து நின்றதை நான் காணவில்லை. தோளில் பாரோடு குந்தியிருந்தேன். எழும்ப முயன்றேன். பாதி எழும்பினேன், கால் நடுங்கியது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பாரைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் முழங்காலில் விழுந்தேன். இரும்பு விழுந்த சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. பளுதூக்கலில் இது வழமையாக நடப்பது, விழுத்தப் பழகுவதும் ஒரு பாடம்தான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு ஆள் செத்துவிட்டது போலத்தான் இருக்கும்.

அம்மா பாத்திரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். "புள்ளைக்கு என்ன சேர்? ஏன் எழும்புதில்ல?" என்று கேட்டார்.

சேர் நல்ல மனிதர். நேர்த்தியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "கால்ல சக்தி இல்ல அம்மா" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் பஸ் பாலத்தில் போகும்போது அம்மா ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். கௌபியை நான் மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

அடுத்த நாள் நான் எழும்பும்போது குசினியில் மீன் மணம். மேசையில் மணலை மீன் குழம்பும் இரண்டு அவித்த முட்டையும். அம்மா குளித்து, திருநீறு பூசி, எங்கோ போய் வந்த சேலையோடு நின்றார்.

"இது என்னம்மா? நேந்தது என்ன ஆச்சு?"

"கட்டாடியார்ட வீட்ட வெள்ளெனப் போய்க் கேட்டுட்டு வந்தன்." கட்டாடியார் என்பது எங்கள் அம்மன் கோயில் பூசகர். "நேந்தது எந்த வாய் எண்டு கேட்டார். என்ட வாய் எண்டன். அப்ப அந்த வாயக் கட்டு, புள்ளைய விடு எண்டார்."

"அப்ப நீங்க போட்டி முடியிற மட்டும் மச்சம் சாப்பிடமாட்டீங்களா?"

"போட்டி முடியிற மட்டும் இல்ல. உனக்கு அந்த வேல கிடைக்கிற மட்டும். மாத்திக் கேக்கப் போன நான் கொஞ்சம் கூட்டிக் குடுக்கோணும்தானே?"

அம்மாவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது என்ன என்று விளங்கும். எங்கள் வீட்டில் மீன் தலை அம்மாவுக்கு என்பது எழுதாத சட்டம். நண்டுக் காலை உறிஞ்சும்போது அவரோடு பேசினால் மறுமொழி கிடைக்காது. காய்ச்சல் வந்தால் கருவாட்டுச் சம்பல் கேட்பார். அந்த மனிசி எனக்கு மீன் வெட்டி, கழுவி, உப்புப் பார்க்காமலே காய்ச்சி, எனக்கும் அப்பாவுக்கும் போட்டுவிட்டுத் தனக்குப் பருப்பை எடுத்துக்கொண்டு இருந்தார். உப்பு ஒரு நாள் கூடியது, ஒரு நாள் குறைந்தது. நாங்கள் இரண்டு பேரும் கோப்பையை வழித்துச் சாப்பிட்டோம்.

எனக்கு ஒத்துக்கொள்ளாத மா மிச்சம் கிடந்தது. அம்மாவின் வயதில் பெண்களுக்குத் தசை கரையத் தொடங்கும், மச்சமும் இல்லை என்றால் இன்னும் கெதியாகக் கரையும். பாமசியில் இருந்து படித்த பாடம். ஆறிய தண்ணீரில் ஒரு கரண்டி கரைத்துக் கொடுத்தேன். "வாசல்ல ஊத்துற தண்ணி" என்று சொல்லிக்கொண்டே குடித்தார். என் வயிற்றைப் புரட்டியெடுத்தது அவரை ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அதிலும் கொஞ்சம் எரிச்சல்தான்.

நான் சாப்பிட்டேன். வெட்கப்படாமல் சாப்பிட்டேன். ஒவ்வொரு வேளையும் அம்மா எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருப்பார், நான் முள்ளை ஒதுக்குவேன். எடை திரும்பியது, கால் திரும்பியது. ஆவணி வரும்போது முன்பு நின்ற இடத்துக்கு வந்துவிட்டேன், அதற்கு மேலும் கொஞ்சம்.

கொழும்பில் அந்த மண்டபத்துக்குக் குளிரூட்டி இருந்தது, இருந்தும் வேர்வையில் கை காயவே இல்லை. முதல் பகுதியில், ஒரே இழுவையில் தலைக்கு மேல் கொண்டுபோவதில், நான் முன்னுக்கு நின்றேன். இரண்டாவது பகுதியில், பாரைத் தோளுக்கு எடுத்து அங்கிருந்து தள்ளவேண்டும். அதில் இன்னொரு பிள்ளை என்னை முந்திவிட்டாள். எனக்குக் கடைசி முறை மிச்சம் இருந்தது. அதைத் தூக்கினால் இடம் எனக்கு.

தோளுக்கு எடுத்தேன். எழும்பினேன், கால் நடுங்கவில்லை. மேலே தள்ளினேன். பார் தலைக்கு மேல் நின்றது, இறக்கச் சொல்லும் மணியும் அடித்தது. நான் சந்தோசத்தில் கத்திக்கொண்டே பாரை விட்டேன். திரும்பிப் பார்த்தால் சிவப்பு விளக்கு. தள்ளும்போது இடது முழங்கை ஒருமுறை மடிந்து நிமிர்ந்திருக்கிறது. சட்டப்படி அது தூக்கியதாகாது. சேர் நடுவர்களிடம் போய்க் கதைத்துப் பார்த்தார். அவர்கள் சொன்னது சரிதான், அவருடைய கைபேசியில் எடுத்த படத்திலும் மடிவது தெரிந்தது.

வயிறு கெட்டுப்போன அந்தக் கிழமைகள் இல்லாமல் இருந்திருந்தால் முழங்கை நிமிர்ந்திருக்குமா? சேரைக் கேட்டேன். "எனக்குத் தெரியா புள்ள" என்றார். எனக்கும் தெரியாது. புரதம் தசையைத் தைக்கும், முழங்கை எந்த நொடியில் மடியும் என்று சொல்லாது. அம்மாவின் தலையில் இதைக் கட்ட எனக்கு ஆதாரமும் இல்லை, மனமும் இல்லை.

தனியாகப் பஸ்ஸில் வரும்போது முடிவெடுத்தேன். கல்லடிக்கு வந்து இறங்கியதும், வீட்டுக்குப் போகமுன்னமே சேருக்குப் போன் பண்ணி, இனி வரமாட்டேன் என்று சொன்னேன். அப்பா முற்றத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "குளிச்சிட்டுச் சாப்பிடு மகள்" என்றார்.

குசினியில் அம்மா நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். நான் வருகிறேன் என்று அப்பா விசேடமாகப் பிடித்துவந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். மணி அடித்தது, விளக்கு சிவந்தது, எல்லாம். அம்மா கேட்டுக்கொண்டே உடைத்தார்.

"நான் விட்டுட்டன் அம்மா. சேருக்கும் சொல்லிட்டன், இனிப் போகமாட்டன். எல்லாம் முடிஞ்சுது. நீங்க இண்டைக்கு நண்டு சாப்பிடுங்க."

அம்மா நண்டைக் காய்ச்சி இறக்கினார். கோப்பையை எடுத்துச் சோறு போட்டு, பெரிய நண்டு இரண்டையும் எனக்கு முன்னால் வைத்தார். அப்பாவுக்கும் போட்டார். பிறகு தன் கோப்பையை எடுத்து, பருப்பும் மாங்காய்ச் சம்பலும் போட்டுக்கொண்டு எதிரே வந்து இருந்தார். பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

"அம்மா, நான் விட்டுட்டன் எண்டு சொல்லுறன்."

"நீ விட்டா விடு," என்றார் அம்மா, சோற்றைப் பார்த்தபடி. "நான் இன்னும் விடல்ல."

நான் இரண்டு நண்டையும் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு, சேருக்குத் திரும்பவும் போன் எடுத்தேன்.